தறிக்கொட்டாய்ல பாக்ஸிங் கிளாஸ், செவுத்துல பத்து பேரு: ஏழு மாசம் போயிட்டு எழுதுற ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேங்க, ஏசி வேணும், செவுரு பூரா கண்ணாடி வேணும், பாட்டு அலறணும்னு நினைக்கிறவங்க இதுக்கு மேல படிக்க வேணாம், சேலத்துல அஞ்சு ரோட்டுப் பக்கம் போனா அந்த மாதிரி ஜிம் வரிசையா இருக்கு. நான் எழுதறது அம்மாபேட்டையில ஒரு பழைய கைத்தறிக் கொட்டாய்ல நடக்கற பாக்ஸிங் கிளாஸைப் பத்தி. போர்டு கிடையாது, பேரும் கிடையாது. ஏன் மாஸ்டர் பேரு வெக்கலைன்னு கேட்டா "பேரு வெச்சா அப்புறம் ஆண்டு விழா வெக்கணும், பொன்னாடை வாங்கணும்"னு சொல்லிட்டு ஸ்கிப்பிங் கயித்தைத் தூக்கி நம்ம மேல போட்டுடுவாரு. அதனால நானும் பேரு போடல.

நமக்கு செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிக் கொலுசுப் பட்டறை வேலை. காலையில உக்காந்தா ராத்திரி வரைக்கும் குனிஞ்ச தலை நிமிராம உக்காந்தேதான் வேலை, டீக்கு எழுந்தா உண்டு. 35 வயசுல 78 கிலோ ஆயிட்டேன், மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, வீட்டுக்காரம்மா கொலுசு சத்தத்தை விட என் மூச்சு சத்தம் அதிகமா கேக்குதுன்னு கிண்டல் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. பட்டறையில கூட வேலை பாக்கற தம்பி ஒருத்தன்தான் இங்க கூட்டிட்டு வந்தான். மாசம் 800 ரூபா, காலையில அஞ்சரைல இருந்து ஏழு வரைக்கும், சனிக்கிழமை மட்டும் சாயங்காலமும் உண்டு. அட்மிஷன் பீஸ் கிடையாது. மூணு நாளு சொல்லாம வரலைன்னா நாலாவது நாளு மாஸ்டரே போன் பண்ணுவாரு, எடுக்கலைன்னா வீட்டுக்கே வந்து திண்ணையில உக்காந்துக்குவாரு, எங்க வீட்டுக்கு ரெண்டு தடவை வந்திருக்காரு, ரெண்டாவது தடவை எங்கம்மா அவருக்கு இட்லி வெச்சுட்டாங்க.

வசதின்னு பாத்தா, மூணு பேக் தொங்குது. ரெண்டு உள்ளூர்லயே தெச்சது, உள்ள தறி வேஸ்ட்டு நூலும் பழைய துணியும் போட்டு அடைச்சிருக்கு, வருஷம் போகப் போக துணி கீழ இறங்கி அடிப்பக்கம் கல்லு மாதிரியும் மேல் பக்கம் தலகாணி மாதிரியும் ஆயிடுச்சு, அதனால மூஞ்சி உயரத்துல குத்தினா ஒண்ணும் தெரியாது, விலா உயரத்துல குத்தினா மணிக்கட்டு போயிடும். தரைதான் பெரிய தலைவலி. தறிக்குழி இருந்த இடத்தையெல்லாம் சிமெண்ட் போட்டு மூடிருக்காங்க, ஆனா மட்டம் சரியா வரல, அங்கங்க அரை விரக்கடை மேடு, நான் முதல் மாசம் பின்னாடி நகரும்போது ரெண்டு தடவை தடுக்கி விழுந்தேன். மாஸ்டர்கிட்ட சொன்னா "ரிங்குல மட்டும் யாரு உனக்குத் தரையைக் காட்டிக்கிட்டு இருப்பா, கால்ல பாரு"ன்னாரு. இப்ப கண்ணை மூடிட்டு நடந்தாலும் எந்தக் குழி எங்க இருக்குன்னு தெரியும், ஆனா அதுக்காக மேட்டைத் தட்டி விடாம இருக்கறது நியாயம் ஆயிடாது. பொது க்ளவுஸ் நாலு ஜோடி இருக்கு, தயவுசெஞ்சு அதுக்குள்ள கையை விடாதீங்க, அந்த நாத்தம் குளிச்சாலும் போகாது, முதல் மாசமே சொந்தமா ஒரு 12 அவுன்ஸ் வாங்கிடுங்க, கைக்குச் சுத்தற பட்டித்துணி நீளமா வாங்குங்க. பாத்ரூம் பத்தி எழுதறாப்ல இல்ல. பொண்ணுங்க நாலஞ்சு பேரு வர்றாங்க, அவங்களுக்குத் துணி மாத்த தனி ரூம் இல்ல, பக்கத்து வீட்டு அக்கா புண்ணியத்துல ஓடுது, இதை மாஸ்டர் சரி பண்ணியே ஆகணும்.

அப்புறம் எடை மெஷின். அதுல ஏறினா எனக்கு இப்ப 66.2 காட்டுது, அதே நாளு லீ பஜார்ல தெரிஞ்ச மண்டித் தராசுல ஏறிப் பாத்தா 67.4. நாங்க கிராம் கணக்குல பொழைக்கற ஆளுங்க, இந்த வித்தியாசம் எங்களுக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். என்னத்துக்கு இவ்வளவு பிரச்சனைன்னா, புரொபஷனல் பாக்ஸிங்ல வெல்டர்வெயிட்னா 147 பவுண்டு, அதாவது 66 கிலோ 678 கிராம். ஜிம் மெஷின்படி நான் வெல்டர்வெயிட், மண்டித் தராசுப்படி இல்ல. நம்ம ஊரு ஆம்பளைங்க வயித்தைக் குறைச்சா பெரும்பாலும் வந்து நிக்கற எடை இதுதான்னு மாஸ்டர் சொல்லுவாரு, ஹெவிவெயிட்டைப் பாத்தா சினிமா பாக்கற மாதிரி இருக்கும், வெல்டர்வெயிட்டைப் பாத்தாத்தான் நம்ம பக்கத்து வீட்டுக்காரன் சண்டை போடற மாதிரி இருக்கும்னு. அமெச்சூர்ல கணக்கு வேற, 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல லவ்லினா வெண்கலம் வாங்கினது பொண்ணுங்க வெல்டர்வெயிட்லதான், அங்க 69 கிலோ. அந்த போட்டோ பேப்பர்ல வந்ததை வெட்டி செவுத்துல ஒட்டி வெச்சிருக்காரு, மூலையில மஞ்சளாயிடுச்சு.

சரி விஷயத்துக்கு வரேன். இந்த கிளாஸுக்கு நான் நாலு ஸ்டார் குடுக்கறதுக்குக் காரணம் பயிற்சி பாதி, அந்த லவ்லினா போட்டோவுக்குப் பக்கத்துல கரும்பலகை பெயிண்ட் அடிச்ச செவுத்துல சாக்பீஸ்ல எழுதிருக்கற லிஸ்ட் மீதி. சரித்திரத்துலயே பெரிய வெல்டர்வெயிட்டுங்க பத்து பேரு, ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும். யாரு வேணா மாத்தலாம். ஆனா மாத்தணும்னா முதல்ல பேக்ல மூணு ரவுண்டு, ரவுண்டுக்கு மூணு நிமிஷம், கை இறங்காம குத்தணும், அப்புறம் மூச்சு வாங்கிக்கிட்டே உன் வாதத்தைச் சொல்லணும், அப்புறம் அங்க இருக்கற எல்லாரும் கை தூக்கி ஓட்டுப் போடுவாங்க. தோத்தா தட்டுவடை செட் எல்லாருக்கும் நீதான் வாங்கிக் குடுக்கணும். மாஸ்டர் சொல்ற காரணம், டீக்கடையில உக்காந்துக்கிட்டு யாரை வேணா யாருக்கு மேல வேணா வெக்கலாம், ஒம்போது நிமிஷம் குத்திட்டுப் பேசினா வாயில வர்றது கொஞ்சமாவது யோக்கியமா இருக்கும்.

மாஸ்டர் யாருன்னா, ரயில்வேல இருந்து ரிட்டையர் ஆனவரு, சின்ன வயசுல வியாசர்பாடிப் பக்கம் குத்து கத்துக்கிட்டவரு. 1980ல முகமது அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸ் கூட கண்காட்சி ஆட்டம் ஆடினப்ப கூட்டத்தோட கூட்டமா நின்னு பாத்ததா சொல்லுவாரு, அந்தக் கதையை மாசம் ஒரு தடவை கேக்கணும், ஒவ்வொரு தடவையும் அவரு நின்ன இடம் மேடைக்குக் கொஞ்சம் கிட்ட வந்துக்கிட்டே இருக்கு.

நான் சேர்ந்த முதல் சனிக்கிழமை அந்த லிஸ்ட்டைப் பாத்துட்டு சிரிச்சுட்டேன். மேவெதர் ஒம்போதாவது! 50க்கு 50 ஜெயிச்சவன், ஒரு தோல்வி கிடையாது, அவனைப் போய் ஒம்போதுல வெச்சா என்ன அர்த்தம், மேல இருக்கற பாதிப் பேரை எனக்கு யாருன்னே தெரியல. வாயை விட்டுட்டேன். மாஸ்டர் கோவப்படல, "நீ என்ன வேலைப்பா பாக்கற"ன்னாரு. கொலுசுன்னேன். "ஒருத்தன் கால் கிலோ வெள்ளி கொண்டாந்து குடுத்தா எடையை மட்டும் பாத்துட்டுக் காசு குடுத்துடுவியா?" இல்லைங்க, டச் பாப்போம், எத்தனை சதம் வெள்ளி எத்தனை சதம் கலப்புன்னு பாத்துட்டுத்தான் விலைன்னேன். "அதேதாம்ப்பா. 50 ஜெயிச்சான்னு எடை சொல்ற. அதுல 147ல ஜெயிச்சது எத்தனை, அதுல எதிராளி முழு பலத்தோட இருந்தப்ப ஜெயிச்சது எத்தனை? கலப்பைக் கழிச்சுட்டு வந்து சொல்லு."

அன்னிக்கு ராத்திரி வீட்டுல உக்காந்து கழிச்சேன். மேவெதரோட நல்ல காலத்துல பாதி 130, 135 பவுண்டுலயே போயிடுது. 147க்கு அவன் வந்தது 2005க்கு மேல. அங்க ஜெயிச்ச பெரிய பேருங்க ஜூடா, பால்டோமிர், ஹேட்டன், மார்க்கேஸ், மோஸ்லி, மைதானா, 2015 மே மாசம் பக்கியாவ். ஹேட்டன் 140ல இருந்து ஏறி வந்தவன், மார்க்கேஸ் அதை விடக் கீழ இருந்து ஏறி வந்தவன், மோஸ்லிக்கு அப்ப வயசு 38, பக்கியாவ் கூட அஞ்சாறு வருஷம் முன்னாடியே ஆடியிருக்க வேண்டியது. டிபென்ஸ் தெய்வ லெவல்தான், அந்தத் தோளைச் சுருட்டிக்கிட்டு குத்தை வழிச்சு விடறதை நான் கண்ணாடி முன்னாடி ஆறு மாசமா பண்ணிப் பாக்கறேன், கழுத்து பிடிச்சுக்கிட்டதுதான் மிச்சம். ஆனா டச் பாத்தா ஒம்போது ரொம்பக் கீழன்னாலும் ஒண்ணு கிடையாது. நான் அவனை அஞ்சாறுல வெப்பேன். மாஸ்டர் இன்னும் ஒத்துக்கல.

ஒண்ணாவது இடத்துல சண்டையே கிடையாது, சுகர் ரே ராபின்சன். அந்த நம்பரை மட்டும் சாக்பீஸ்ல எழுதாம பெயிண்ட்லயே எழுதி வெச்சிருக்காரு மாஸ்டர். எல்லாரும் ராபின்சன்னா மிடில்வெயிட்ல அஞ்சு தடவை சாம்பியன் ஆனதைச் சொல்லுவாங்க, ஆனா அவரோட உச்சம் அதுக்கு முன்னாடி 147லதான் இருந்தது, அந்தக் காலத்து பிலிம் ரொம்பக் கொஞ்சம்தான் கிடைக்குது, அதான் நிறையப் பேருக்குத் தெரியல. 1940ல புரொபஷனல் ஆனவரு, முதல் 40 ஆட்டமும் ஜெயம், 1943 பிப்ரவரியில லமோட்டாகிட்ட தோத்தாரு, லமோட்டா மிடில்வெயிட், இவரை விட ஏழு கிலோ கூட. மூணே வாரத்துல அதே லமோட்டாவைத் திருப்பி அடிச்சாரு. அதுக்கப்புறம் 1951 வரைக்கும் தோல்வியே இல்ல. எட்டு வருஷம். அதுவும் இப்ப மாதிரி வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு ஆட்டம் இல்ல, மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு. இவ்வளவு பண்ணியும் வெல்டர்வெயிட் பட்டம் கைக்கு வந்தது 1946 டிசம்பர்லதான், டாமி பெல்லை ஜெயிச்சு. கேவிலன், ஜிவிக், எல்லாரையும் ஜெயிச்சிருக்காரு. நான் ஜேப், அதாவது முன் கையை நேரா நீட்டிக் குத்தறது, கத்துக்க ஆரம்பிச்சப்பறந்தான் எனக்கு அவரோட அருமை புரிஞ்சது. ஜேப் குத்திட்டு கையை எடுத்த இடத்துக்கே திருப்பிக் கொண்டாறதுக்கே எனக்கு மூணு மாசம் ஆச்சு, இந்த மனுசன் பின்னாடி போயிக்கிட்டே பக்கவாட்டுல வளைச்சு ஹூக் குத்தி ஆளை சாய்க்கறாரு. பின்னாடி போகும்போது நமக்கெல்லாம் தறிக்குழி தடுக்குதுங்க.

ரெண்டாவது ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங். இங்கதான் எனக்கும் மாஸ்டருக்கும் ஏழு மாசமா தகராறு. ஆர்ம்ஸ்ட்ராங் கதையைக் கேட்டா நம்பவே முடியாது. 1937 அக்டோபர்ல பெதர்வெயிட் பட்டம், 1938 மே மாசம் பார்னி ராஸை அடிச்சு வெல்டர்வெயிட் பட்டம், அதே ஆகஸ்ட்ல லூ ஆம்பர்ஸை அடிச்சு லைட்வெயிட் பட்டம். மொத்தமே எட்டு எடைப்பிரிவு இருந்த காலத்துல மூணு பட்டம் ஒரே ஆள் இடுப்புல. ராஸ் கூட ஆடறப்ப எடை போதலைன்னு பீரும் தண்ணியுமா குடிச்சு தராசுல ஏறினதா சொல்லுவாங்க, அப்பக்கூட 61 கிலோ தாண்டல. அதாவது வெல்டர்வெயிட் பட்டத்தை ஒரு லைட்வெயிட் ஆளு வந்து அள்ளிட்டுப் போயிட்டான். அப்புறம் அந்தப் பட்டத்தை 18 தடவையோ 19 தடவையோ, எண்ணறவங்களைப் பொறுத்து, காப்பாத்தினான். 1939 அக்டோபர் ஒரே மாசத்துல அஞ்சு தடவை, மொத ஆட்டத்துக்கும் கடைசி ஆட்டத்துக்கும் நடுவுல மூணு வாரம், ஒவ்வொண்ணும் வேற வேற ஊரு, ரயில்லயே போயி இறங்கி அடிச்சுட்டு மறுபடி ரயிலேறி. மாஸ்டர் ரயில்வேக்காரர் இல்லையா, அந்த ரயில் விஷயத்துலயே அவரு மனசு போயிடுச்சுன்னு எனக்கு சந்தேகம்.

என் வாதம் என்னன்னா ரெண்டாவது இடம், லிஸ்ட்ல மூணாவதா இருக்கற சுகர் ரே லெனர்டுக்கு. 1979 நவம்பர்ல பெனிடெஸ், 1980ல டுரான், 1981ல ஹெர்ன்ஸ். மூணு பேரும் தோல்வி கண்டே பழக்கமில்லாத ஆளுங்க, ரெண்டே வருஷத்துல மூணு பேரையும் ஜெயிச்சிருக்கான், மூணும் 147லயே. டுரான்கிட்ட முதல்ல ஜூன்ல மான்ட்ரியால்ல தோத்தான், ஒத்துக்கறேன், அவன் இழுத்த இழுப்புக்குப் போயி நின்னு சண்டை போட்டான். ஆனா அஞ்சே மாசத்துல நியூ ஆர்லியன்ஸ்ல டுரானை எட்டாவது ரவுண்டுல திரும்பி நின்னு போதும்னு சொல்ல வெச்சான். ஆர்ம்ஸ்ட்ராங் காப்பாத்தின 19ல எத்தனை பேரு பெனிடெஸ் லெவல் ஆளு? எடை கூட, டச் கம்மி. நான் கத்துக்கிட்ட பாடத்தை மாஸ்டர்கிட்டயே திருப்பிச் சொன்னேன், சிரிச்சாரே தவிர அசையல.

லெனர்டு ஹெர்ன்ஸ் ஆட்டத்தை ஒரு சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து பாத்தோம், அதை சொல்லாம விட முடியாது. ஸ்டூலு மேல மாஸ்டர் பேத்தியோட டேப்லெட், அதைச் சுத்தி பதினோரு தலை. 1981 செப்டம்பர், லாஸ் வேகாஸ், ஓட்டல் வெளிய திறந்த வெளியில ரிங்கு, பயங்கர வெக்கை. ஹெர்ன்ஸ் ஆறடி ஒரு அங்குலம், அந்த உயரத்துக்கு 66 கிலோன்னா எப்படி இருப்பான்னு நினைச்சுப் பாருங்க, முருங்கை மரம் மாதிரி. தூரத்துல நின்னு ஜேப்லயே லெனர்டோட இடது கண்ணை வீங்க வெச்சுட்டான். நடுவுல ஆறு ஏழுல லெனர்டு விலாவுல ரெண்டு குடுக்கவும் முருங்கை ஆடுது, அப்புறம் மறுபடி ஹெர்ன்ஸ் காலை நகத்தி நகத்தி பாயிண்டு சேக்கறான். பன்னெண்டாவது ரவுண்டு முடிஞ்சதும் மாஸ்டர் நிறுத்திட்டாரு. "இப்ப யாரு முன்னாடி இருக்கா?" எல்லாரும் ஹெர்ன்ஸ்னு சொன்னோம். மூணு ஜட்ஜும் அதான் போட்டிருந்தாங்கன்னாரு. "மூணு ரவுண்டு பாக்கி, ஒரு கண்ணு தெரியல, நீ என்ன பண்ணுவ?" யாரும் பேசல. எங்க தம்பி ஒருத்தன் மட்டும் "வீட்டுக்குப் போயிடுவேன் மாஸ்டர்"னான். அப்புறம் ஓட விட்டாரு, பதிமூணுல லெனர்டு அவனைக் கயித்துக்கு வெளிய தள்ளற அளவுக்கு அடிக்கறான், பதினாலுல ரெஃப்ரி வந்து நிறுத்தறாரு. ரோட்டுல போன ஆட்டோக்காரர் என்னவோ ஏதோன்னு எட்டிப் பாக்கற அளவுக்கு கத்தினோம்.

நாலாவது பேரு ஹோசே நாப்போலஸ். பட்டப்பேரு மான்டெகியா, ஸ்பானிஷ்ல வெண்ணெய்னு அர்த்தம், அசைவு அவ்வளவு வழுக்கலா இருக்குமாம். இதை மாஸ்டர் சொன்ன அன்னிக்குக் கொட்டாயே உருண்டு பிரண்டு சிரிச்சது, ஏன்னா எங்க பட்டறையில வேலையை சொதப்பினவனைத்தான் வெண்ணெய்னு கூப்பிடுவோம். இப்ப யாராவது ஜேப்பை நல்லா வழுக்கி விட்டா "டேய் வெண்ணெ"ன்னு பாராட்டறோம், புதுசா வர்ற பசங்க முறைக்கறாங்க. ஆளு க்யூபாக்காரன், காஸ்ட்ரோ வந்து புரொபஷனல் பாக்ஸிங்கையே தடை பண்ணவும் மெக்சிகோ போயி அங்கயே மெக்சிகோக்காரனா ஆயிட்டான். 1969ல கர்ட்டிஸ் கோக்ஸ்கிட்ட பட்டம் வாங்கினான், நடுவுல 1970 டிசம்பர்ல புருவம் கிழிஞ்சு தோத்து ஆறே மாசத்துல திருப்பி வாங்கி 1975 டிசம்பர் வரைக்கும் வெச்சிருந்தான். அஞ்சாவது கேவிலன், அதுவும் க்யூபா. கையைக் கீழ இருந்து அரைவட்டமா வீசி மேல கொண்டார்ற போலோ பஞ்ச், கரும்பு வெட்டி வெட்டி வந்த பழக்கம்னு அவனே சொல்லிருக்கான். எங்க கிளாஸ்ல ஆத்தூர்ப் பக்கத்துல இருந்து வர்ற ஒரு பையன், வீட்டுல கரும்பு உண்டு, அவன் அப்பர்கட்டு குத்தினா அசல் அதே வீச்சு வரும். மாஸ்டர் அவன் வீச்சைத் திருத்தவே மாட்டேங்கறாரு, மத்தவங்க அப்படிக் குத்தினா மண்டையில தட்டறாரு. 140க்கு மேல ஆட்டம் ஆடின கேவிலனை ஒருத்தனும் நாக் அவுட் பண்ணல.

ஆறாவது எமில் க்ரிஃபித். அவன் பேருக்குக் கீழ மட்டும் ஒரு கோடு இருக்கும். அது ஏன்னு நான் தெரிஞ்சுக்கிட்டது உதடு கிழிஞ்சு. நாலாவது மாசம், ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை. எனக்கு எதிர்ல இருபது வயசுப் பையன், நல்ல பையன்தான், ஆனா சூடாயிட்டான். நான் மூலையில மாட்டிக்கிட்டேன், கை ரெண்டும் இறங்கிடுச்சு, தலைக் கவசம் அன்னிக்குப் பத்தல, எல்லாருக்கும் சேர்த்து அப்ப மூணுதான் இருந்துச்சு, நான் போடாமதான் ஏறினேன். இது கிளாஸோட தப்பு, ஒத்துக்கவே முடியாத தப்பு, கவசம் இல்லைன்னா ஸ்பாரிங்கே வெக்கக் கூடாது. மூணு குத்து வாங்கினது ஞாபகம் இருக்கு, நாலாவது வரதுக்குள்ள அறுபத்தஞ்சு வயசு மாஸ்டர் நடுவுல பாஞ்சு அந்தப் பையனைக் கட்டிப் புடிச்சுட்டாரு. ஐஸ் வெச்சுட்டு உக்காந்திருந்தப்ப எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வெச்சு 1962 மார்ச் 24ஐச் சொன்னாரு. மேடிசன் ஸ்கொயர் கார்டன், க்ரிஃபித்துக்கும் பென்னி பரேட்டுக்கும் மூணாவது ஆட்டம். எடை போடற இடத்துல பரேட் அவனை ஆம்பளையே இல்லைங்கற மாதிரி ஒரு கெட்ட வார்த்தை சொல்லிட்டான். பன்னெண்டாவது ரவுண்டுல பரேட் மூலையில, தலை கயித்துக்கு வெளிய, கை இறங்கிடுச்சு, ஆனா கீழ விழல, கயிறு அவனைத் தாங்கிப் புடிச்சுக்கிச்சு. விழுந்திருந்தா எண்ண ஆரம்பிச்சிருப்பாங்க. விழாததாலயே க்ரிஃபித் அடிச்சுக்கிட்டே இருந்தான், ரெஃப்ரி வர லேட்டு, டிவியில ஊரே பாத்துச்சு. பத்து நாள் கழிச்சு பரேட் செத்துட்டான். க்ரிஃபித்தை அது கடைசி வரைக்கும் விடல. ராபின்சனுக்கும் அப்படி ஒண்ணு உண்டு, 1947ல ஜிம்மி டாயில், பட்டம் வாங்கின பிறகு முதல் பாதுகாப்பு ஆட்டம், அடிபட்டவன் எழுந்திரிக்கவே இல்ல. "கையி இறங்கினவனை அடிச்சா அது ஜெயிக்கறது இல்லப்பா"ன்னு அந்தப் பையனைப் பாத்துச் சொன்னாரு, அவன் அழுதுட்டான். மறு வாரம் கவசம் ரெண்டு புதுசா வந்துச்சு, காசு அந்தப் பையனோட அப்பா குடுத்ததுன்னு அப்புறம் தெரிஞ்சது. இன்னும் ரெண்டு வேணும்.

மத்த பேரையெல்லாம் வேகமா சொல்லிடறேன். ஏழு பார்னி ராஸ், ஒரு தடவை கூட நாக் அவுட் ஆகாத ஆளு, ஆர்ம்ஸ்ட்ராங் பதினஞ்சு ரவுண்டு அரைச்சப்பக்கூட கீழ விழல, அப்புறம் ரெண்டாம் உலகப்போர்ல குவாடல்கனால்ல சண்டை போட்டு வெள்ளி நட்சத்திர விருது வாங்கினான், வெள்ளின்னதும் நான் கை தட்டினேன். எட்டு ஹெர்ன்ஸ், 147ல ஒரே ஒரு தோல்வி, அது எதுன்னு மேலயே சொல்லிட்டேன். ஒம்போது நம்ம மேவெதர். டுரான் ஏன் இல்லைன்னு எல்லாரும் கேப்பாங்க, 147ல அவனுக்குப் பலோமினோ ஒண்ணு, மான்ட்ரியால் ஒண்ணு, அவன் நிஜமான இடம் 135.

பத்தாவது இடம் காலியா விட்டிருக்கும், வாரத்துக்கு ஒருத்தர் வந்து உக்காருவாங்க. விட்டேக்கர் கொஞ்ச நாள் இருந்தாரு, 1993ல சாவேஸை முழுசா ஆட விடாம பண்ணியும் ஆட்டம் சமம்னு சொல்லி ஏமாத்தினாங்களே அவரு. பசிலியோ இருந்தாரு, நியூயார்க் மாநிலத்துல வெங்காயத் தோட்டத்துக் குடும்பம், அதனாலயே லீ பஜார் வெங்காய மண்டியில லோடு இறக்கற அண்ணா ஒருத்தர் தனியாளா நின்னு ஓட்டு வாங்கிட்டாரு. பசங்க க்ராஃபோர்டுன்னு குதிக்கறாங்க, 2023 ஜூலையில ஸ்பென்ஸை மூணு தடவை கீழ தள்ளி ஒம்போதாவது ரவுண்டுல முடிச்சு நாலு பெல்ட்டையும் ஒண்ணா எடுத்தானே, அது நிஜமாவே பெரிய வேலைதான், ஆனா 147ல அந்த லெவல் ஆளு அவனுக்கு அது ஒண்ணுதான் சிக்கிச்சு. என் ஓட்டு சார்லி பர்லிக்கு. பட்டத்துக்கு ஒரு ஆட்டம் கூட குடுக்கல அவனுக்கு. ஜிவிக்கை மூணுல ரெண்டு தடவை ஜெயிச்சான், அப்புறம் ஜிவிக் தரப்பே அவனோட கான்ட்ராக்டை விலைக்கு வாங்கிட்டாங்க, வாங்கிட்டா எதிர்ல நிக்க வேண்டியதில்ல பாருங்க! கடைசியில பிட்ஸ்பர்க்ல குப்பை வண்டியில வேலை பாத்தான். எங்க தொழில்லயும் இப்படி ஆளுங்க உண்டு, கை வேலை அவங்களோடது, பில்லுல பேரு வேற யாரோடதோ.

ஞாயித்துக்கிழமை ஏற்காடு அடிவாரத்துல ஓட்டம், இதுக்குத் தனிக் காசு இல்ல. காலையில அஞ்சு மணிக்கு அங்க நிக்கணும், முதல் மூணு கொண்டை ஊசி வளைவு வரைக்கும் ஓடிட்டு நடந்து இறங்கணும். மொத்தம் இருபது வளைவு இருக்கு, ஒரு தடவை ஒருத்தன் எட்டு வரைக்கும் போயிட்டு பஸ்ஸுல இறங்கினான். வாழைப்பழம் கையில கொண்டு போகாதீங்க, குரங்கு ஆர்ம்ஸ்ட்ராங் மாதிரி நிறுத்தாம வரும்.

போன சனிக்கிழமை கடைசியா நான் துணிஞ்சு ஏறினேன். மூணு ரவுண்டு குத்தினேன், கை இறங்கல, ரெண்டாவது ரவுண்டுல மாஸ்டரே லேசா தலையை ஆட்டினதைப் பாத்தேன். ஆர்ம்ஸ்ட்ராங்கை அழிச்சுட்டு லெனர்டுன்னு எழுதினேன், கை நடுக்கத்துல கோணலா விழுந்தது. பெனிடெஸ், டுரான், ஹெர்ன்ஸ், டச், கலப்பு எல்லாத்தையும் மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன், நானே சொல்லக் கூடாது, நல்லாத்தான் பேசினேன். பதினாலு பேருல நாலு கைதான் எழுந்துச்சு. மாஸ்டர் எந்திரிச்சு வந்து "ஒம்போது நிமிஷம் குத்தினதுக்கே உனக்கு எழுத்து இப்படி வருதே, அவன் மூணு வாரத்துல அஞ்சு தடவை பட்டத்தைக் காப்பாத்த ஏறினான்ப்பா"ன்னு சொல்லிட்டு என் கையெழுத்தை அழிச்சாரு. தட்டுவடை செட் பதினஞ்சு, 30 ரூபா வீதம் 450 எனக்குச் செலவு, பூண்டு சட்னி காரத்துல உதட்டுத் தழும்பு எரிஞ்சது.

சேரணும்னு நினைக்கிறவங்களுக்கு: வண்டியைச் சந்துல விடாதீங்க, தறிக்குப் பாவு நூல் நீட்டறவங்க திட்டுவாங்க, மெயின் ரோட்டுலயே விட்டுட்டு நடந்து வாங்க. ஐப்பசி கார்த்திகையில தகரக் கூரை ரெண்டு இடத்துல ஒழுகும், அதுல ஒண்ணு நடு பேக்குக்கு நேர் மேல. எடை பாக்கணும்னா மண்டித் தராசுலயே பாத்துக்கங்க. சனிக்கிழமை ஆறு மணிக்கு மேல வந்தா ஓட்டுப் போடலாம், சேராதவங்களுக்கும் ஓட்டு உண்டு, லெனர்டுக்குக் கை தூக்கறதா இருந்தா போக வர ஆட்டோ காசு நான் குடுக்கறேன்.